பொறுமை கற்பிக்க யாரும் ஆசு சுற்றவில்லை

சற்று நீண்ட பதிவு. ஆய்வு மாணவர்களும் அவர்களை நெறிப்படுத்தும் ஆசிரியர்களும் முழுவதும் படித்துவிட்டுத் திட்டவேண்டும் என்பது மட்டுமே என் வேண்டுகோள்.

சென்ற வாரம் ஒரே மாலையில் என் பக்கத்தில் மூன்று பதிவுகள் வந்து சேர்ந்தன. கச்சிபௌலியிலிருந்து மெஹதிப்பட்டணம் போகும் வழியில் ஓர் ஆட்டோ ஓட்டுநர் ‘போதும் என்ற மனம்’ பற்றி ஒரு பேராசிரியருக்குப் பாடம் சொல்கிறார். விடுதி உணவகத்தில் பாத்திரம் துலக்கும் பெண்மணி, முகம் சுளிக்காமல் உழைப்பதன் மேன்மையை ஓர் ஆய்வு மாணவிக்கு உணர்த்துகிறார். மூன்றாமவர் கட்டடத் தொழிலாளி. உச்சி வெயிலில் வெங்காயத்தோடு ரொட்டி தின்றுகொண்டே வாழ்க்கையின் எளிமையை விளக்குகிறார். மூவருக்கும் பெயரில்லை, மூவரும் புன்னகைக்கிறார்கள், மூவருடைய கூலியும் எவ்வளவு என்று எழுதியவருக்குத் தெரியவில்லை. பின்னூட்டங்களில் கூப்பிய கைகளும் இதயங்களும் குவிந்து கிடக்கின்றன.

எழுதியவர்களைக் கேலி செய்யும் தகுதி எனக்கில்லை. நான்காண்டுகளுக்கு முன் நானும் இப்படியொன்று எழுதினேன். என் பதிவுகளிலேயே அதிகம் பகிரப்பட்டது அதுதான்.

அப்போது முனைவர் பட்டத்திற்குச் சேர்ந்த புதிது. நெசவுத் தொழிலாளரின் வாய்மொழி மரபு என்பது தலைப்பு. ஐதராபாத்திலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவிலுள்ள போச்சம்பள்ளிக்கும் அதைச் சுற்றிய சிற்றூர்களுக்கும் போய்வந்துகொண்டிருந்தேன். 1951இல் வினோபா பாவேக்கு முதல் பூதானம் கிடைத்த ஊர் அது. ஊர்ப்பெயரின் முன் ‘பூதான்’ என்னும் சொல் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அங்கே ஒரு வீட்டுத் திண்ணையில் ஓர் அம்மா ஆசு சுற்றிக்கொண்டிருந்தார். (தமிழில் ஆசு என்றால் குற்றம், இந்தத் தெலுங்குச் சொல்லோடு அதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.) அரைவட்டமாய் வளைந்த ஒரு சட்டம். அதன் விளிம்பில் வரிசையாக முளைகள், எதிர்ப்புறத்தில் ஒற்றை முளை. ஊடையாகப் போகவேண்டிய நூலை ஒற்றை முளையிலிருந்து விளிம்பு முளைக்கும், அங்கிருந்து திரும்ப ஒற்றை முளைக்குமாகக் கையாலேயே ஓட்டவேண்டும். இப்படி விசிறிபோல் விரியும் நூலின்மேல்தான் பிறகு வடிவத்தைக் குறித்து, ரப்பர்ப் பட்டைகளால் இறுகக் கட்டி, சாயத்தில் தோய்ப்பார்கள். கட்டிய இடத்தில் சாயம் ஏறாது. அதுவே தறியில் பூவாகவும் கட்டமாகவும் எழும். ஒரு சேலைக்கு ஏறத்தாழ 9,000 முறை கை போய்வர வேண்டும்.

அந்த அம்மா என்னிடம் பேசவில்லை. நான் கேட்டவற்றுக்குத் தலையை மட்டும் அசைத்தார். அவர் முகத்தில் நான் கண்டது அமைதி. அன்றிரவு விடுதி அறையில் அமர்ந்து எழுதினேன்: ஒன்பதாயிரம் முறை போய்வரும் கையில் ஒரு தவம் இருக்கிறது, நூலகத்தில் கிடைக்காத பொறுமையை இன்று ஒரு திண்ணையில் கற்றேன். இன்னும் என்னென்னவோ. வெட்கமாக இருக்கிறது, எனினும் அழிக்கவில்லை, தேடினால் கிடைக்கும்.

ஓராண்டு கழித்து மறுபடி போனேன். அப்போது ஓரளவு தெலுங்கு பேச வந்திருந்தது. பெருமையாக அந்தப் பதிவையும் படத்தையும் காட்டினேன். என்ன எழுதியிருக்கிறாய், சொல்லு என்றார். மொழிபெயர்த்துச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமலிருந்துவிட்டு, “பொறுமையா? எண்ணிக்கிட்டிருந்தேன் பிட்டா. வாயத் திறந்தா எண்ணிக்கை போயிடும். போனா மொத்தத்தையும் அவிழ்க்கணும்” என்றார். பிறகு வலத்தோளைத் தொட்டுக்காட்டி, “ராத்திரியில இந்தப் பக்கம் படுக்க முடியாது” என்றார். பிட்டா என்றால் தெலங்கானாவில் பிள்ளை என்று பொருள். அந்த ஒரு சொல் இல்லையென்றால் அன்றே எழுந்து போயிருப்பேன்.

நான் தவம் என்று எழுதியது ஒரு கணக்கு. எந்த முளைக்கு எத்தனை சுற்று, அவற்றில் எத்தனை முடிந்தன, எத்தனை மீதம் என்று ஓயாமல் ஓடிக்கொண்டிருந்த கணக்கு. நான் அமைதி என்று எழுதியதில் பாதி அந்தக் கணக்கு, மீதி வலி. பண்பாட்டு ஆய்வில் முதுகலைப் பட்டம் பெற்றவன், மூன்று மணி நேரம் எதிரில் அமர்ந்திருந்தும் இரண்டையும் பார்க்கவில்லை.

பார்த்த ஒருவர் உண்டு. ஆலேர் அருகிலுள்ள சாராஜிப்பேட்டையைச் சேர்ந்த சிந்தகிந்தி மல்லேசம். ஆறாம் வகுப்போடு பள்ளிப்படிப்பை விட்டவர். அவருடைய தாய் லட்சுமியும் ஆசு சுற்றியவர்தாம். தோளும் முழங்கையும் தேய்ந்துபோனவர். மல்லேசம் 1992இல் ஒரு கருவி செய்ய முனைந்தார். மோட்டார் அறியாத, மின்னணுவியல் அறியாத இளைஞர், கடன் வாங்கி, ஊராரின் ஏளனத்தைத் தாங்கி, பகுதி பகுதியாகச் செய்து பார்த்தார். பிழைப்புக்காக ஐதராபாத் வந்து மின்வேலைக்குப் போனார். எல்லாம் கூடிவந்தும் கடைசி அசைவு ஒன்று மட்டும் பிடிபடவில்லை. 1999இல் பாலாநகர்ப் பட்டறையொன்றில் வேலை செய்தபோது அங்கு ஓடிய எந்திரத்தில் அந்த அசைவைக் கண்டார். ஏழாண்டு உழைப்பு முடிந்தது. நான்கு மணி நேரத்திற்குக் குறையாத வேலை ஒன்றரை மணி நேரமாகக் குறைந்தது. கருவிக்குத் தாயின் பெயரை வைத்தார்: லட்சுமி ஆசு எந்திரம். 2017இல் பத்மஸ்ரீ விருதும், 2019இல் அவர் வாழ்க்கையைச் சொல்லும் தெலுங்குத் திரைப்படமும் வந்தன.

விருதுக்கும் திரைப்படத்துக்கும் பிறகு மல்லேசத்தையும் நம்மவர்கள் ‘விடாமுயற்சிக்கு எடுத்துக்காட்டு’ ஆக்கிவிட்டார்கள். மேலாண்மை வகுப்புகளில் அவர் கதை சொல்லப்படுவதைக் கேட்டிருக்கிறேன். அந்தக் கதையின் முதல் வரியில் இருக்கும் தோள்வலி அங்கே சட்டென்று கடந்துபோகும் ஒரு பின்னணி. என் கேள்வி எளிது. தன் தாயின் கை ஒன்பதாயிரம் முறை போய்வருவதைக் கண்டு பொறுமையைக் கற்றிருந்தால் மல்லேசம் என்ன செய்திருப்பார்? என்னைப்போல் ஒரு பதிவு எழுதியிருப்பார். அவர் கண்டது பொறுத்துக்கொள்ளவே கூடாத ஒன்றை. தாயின் வேலையில் எந்த அசைவு உடலைத் தின்கிறது, எந்த அசைவை எந்திரத்திடம் ஒப்படைத்தாலும் வடிவம் கெடாது என்று பிரித்தறிந்தார். இதற்குப் பெயர் அறிவு. ‘வாழ்க்கை ஞானம்’ என்ற பொட்டலத்தில் இதைக் கட்டமுடியாது.

இனி நம் துறைக்கு வருகிறேன். உழைக்கும் மக்களைப் பற்றி எழுதும்போது நாம் கையாளும் சொற்களைக் கவனியுங்கள். அவர்களிடம் இருப்பது ஞானம், அனுபவம், பட்டறிவு, வெள்ளந்தித்தனம். நம்மிடம் இருப்பது கோட்பாடு, முறையியல், வாதம். முதல் வரிசைச் சொற்களுக்கு ஒரு வசதி உண்டு: அவற்றோடு யாரும் தர்க்கம் செய்வதில்லை, அவற்றைச் சரிபார்ப்பதில்லை, அவற்றுக்கு ஊதியம் தருவதுமில்லை. ஞானத்தை வணங்கிவிட்டு நகர்ந்துவிடலாம். அறிவென்று ஒப்புக்கொண்டால் அதைக் கற்கவேண்டும், மேற்கோள் காட்டவேண்டும், தவறென்றால் மறுக்கவேண்டும், சரியென்றால் நம்முடையதை மாற்றிக்கொள்ளவேண்டும். கோபால் குரு 2002இல் எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லியில் எழுதிய கட்டுரையை நம்மில் படிக்காதவர் குறைவு. இந்தியச் சமூக அறிவியலில் கோட்பாடு ஒரு தரப்பின் உடைமையாகவும் களத்தரவு மற்றவர்களின் பங்காகவும் பிரிந்துகிடப்பதை அவர் எடுத்துக்காட்டினார். கட்டுரையை எல்லாரும் மேற்கோள் காட்டுகிறோம். காட்டிவிட்டு, அதே ஆய்வேட்டின் கடைசிப் பக்கங்களில் என்ன செய்கிறோம்?

தமிழ் ஆய்வேடுகளைப் புரட்டியவர்களுக்கு அந்தப் பக்கம் நன்கு தெரியும். பின்னிணைப்பு: தகவலாளர் பட்டியல். வரிசை எண், பெயர், வயது, சாதி, தொழில், ஊர். ஆய்வேட்டில் முந்நூறு பக்கம் அவர்கள் பேச்சின்மேல் நிற்கிறது. ஆனால் துணைநூற்பட்டியலில் அவர்களுக்கு இடமில்லை. அங்கே நூல் எழுதியவர் மட்டுமே நுழையலாம். ஏபிஏ நடையைப் பின்பற்றுவோர் நேர்காணலில் கேட்டதை நூற்பட்டியலில் சேர்க்கவே கூடாது; வாசகர் தேடியெடுக்க இயலாத சான்று அது என்பது காரணம். எம்எல்ஏ நடை இடம் தருகிறது. எந்த நடையைத் தேர்வது என்பது வெறும் தட்டச்சு வேலை என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஒரு கருத்தரங்கில், நெசவில் எண்ணிக்கை பற்றி நான் சொன்ன ஒரு செய்திக்கு ஆதாரம் கேட்டார்கள். ஆசு சுற்றுபவர் சொன்னது என்றேன். ‘அது தரவு தம்பி, ஆதாரம் எந்த நூல்?’ என்றார் தலைமை வகித்தவர். அவர் கெட்டவரல்லர். நாற்பதாண்டுகளாக இப்படித்தான் கேட்டுவந்திருக்கிறார், அவரையும் இப்படித்தான் கேட்டிருப்பார்கள்.

வேறு வழியே இல்லாமலில்லை. நாம் வாழும் இதே நகரத்தில் ஒரு முன்மாதிரி இருக்கிறது. ஆந்திரப் பிரதேச சாகித்திய அகாதெமி 1962இல் ‘மாண்டலிக விருத்தி பதகோசம்’ என்னும் வட்டாரத் தொழிற்சொல் அகராதியின் முதல் தொகுதியை வெளியிட்டது. அது வேளாண் சொற்களுக்கானது. அடுத்தது நெசவுச் சொற்கள், 1971. இப்பணியை முன்னெடுத்தவர் பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தி. திராவிட மொழியியலில் அவர் பெயரைச் சொல்லாமல் நாம் யாரும் வகுப்பெடுக்க முடியாது. பின்னாளில் ஐதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகவும் இருந்தார். உழவரிடமும் நெசவாளரிடமும் அந்த அகராதி வாழ்க்கைப் பாடம் கேட்கவில்லை. இந்தக் கருவிக்கு உங்கள் ஊரில் என்ன பெயர், இந்த உறுப்புக்கு என்ன பெயர், இந்த வேலைக்கு என்ன பெயர் என்று கேட்டது. தமிழில் கி. ராஜநாராயணன் 1982இல் கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதியைக் கொண்டுவந்தபோது செய்ததும் இதுதான். பள்ளிப்படிப்பை முடிக்காத அவரைப் புதுவைப் பல்கலைக்கழகம் வருகைதரு பேராசிரியராக அமர்த்தியது. அப்படியொரு நியமனத்தை இன்று எந்தத் துறையாவது முன்மொழியட்டும். தகுதித் தேர்வுச் சான்றிதழ் எங்கே என்று முதல் கோப்பிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

சொற்களைத் தருவதோடு அவர்கள் அறிவு நின்றுவிடுவதில்லை. ஜகீராபாத் பகுதியில் டெக்கான் டெவலப்மெண்ட் சொசைட்டியின் சங்கங்களைச் சேர்ந்த பெண்களை அறிவீர்கள். பெரும்பாலும் தலித் பெண்கள், மானாவாரி நிலத்தில் சிறுதானியம் விளைவிப்பவர்கள். 2008முதல் மாச்சனூரில் தங்களுக்கென ஒரு சமூக வானொலியை நடத்துகிறார்கள். அதற்கு முன்பே படக்கருவியும் அவர்கள் கைக்கு வந்துவிட்டது. கோணங்களுக்கு அவர்கள் தாமே பெயர் வைத்தார்கள். மேலிருந்து ஆளைக் குனிந்து பார்ப்பது ‘பட்டேல் ஷாட்’. பண்ணையார் அப்படித்தான் பார்ப்பார். கீழிருந்து அண்ணாந்து பார்ப்பது ‘அடிமை ஷாட்’. எதிரிலிருப்பவரின் கண்மட்டத்தில் கருவியை வைத்துப் பார்ப்பது ‘சங்கம் ஷாட்’, ஏனெனில் சங்கத்தில் எல்லாரும் தரையில் வட்டமாக உட்காருகிறார்கள். திரைப்பட ஆய்வில் பார்வையும் அதிகாரமும் பற்றி நாம் ஒரு பருவம் முழுக்க நடத்தும் பாடம் இந்த மூன்று பெயர்களில் இருக்கிறது. கையில் கருவி வந்ததும் தங்கள் நிலையை ஆராய்ந்து அவர்கள் உருவாக்கிய கலைச்சொற்கள் இவை. ஆயினும் எந்தப் பாடத்திட்டத்திலும் இவை ‘கோட்பாடு’ என்னும் தலைப்பின்கீழ் வரக் கண்டதில்லை. வந்தால் ‘களச் செய்தி’ என்றுதான் வரும்.

என் ‘பொறுமை’ப் பதிவின் படமும் ஒரு பட்டேல் ஷாட்தான். நான் நின்றுகொண்டு எடுத்தேன், அவர் தரையில் இருந்தார்.

இங்கே ஒரு மறுப்பு எழும், எழவேண்டும். தொழிலில் அறிவு இருக்கிறது என்று உரக்கச் சொல்பவர்களைத் தமிழர்கள் ஐயத்தோடு பார்க்கக் காரணம் உண்டு. 1953இல் சென்னை மாநிலத்தில் ராஜாஜி கொண்டுவந்த தொடக்கக்கல்வித் திட்டமும் இதைச் சொல்லித்தான் வந்தது. பள்ளி நேரத்தைக் குறைத்து, எஞ்சிய நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கட்டும் என்றார்கள். பெரியார் அதைக் குலக்கல்வி என்றார். மறு ஆண்டே ராஜாஜி பதவி விலகினார், காமராஜர் திட்டத்தைக் கைவிட்டார். 2023இல் ஒன்றிய அரசு 18 தொழில்களுக்கு விஸ்வகர்மா திட்டத்தை அறிவித்தபோது, விண்ணப்பிப்பவர் குடும்பத் தொழிலில் இருப்பவராக வேண்டும் என்ற நிபந்தனையைத் தமிழ்நாடு அரசு எதிர்த்ததும் அந்த நினைவினால்தான்.

இந்த ஐயம் எனக்கும் உண்டு. என் தாத்தாவின் தொழிலை இங்கே எழுதமாட்டேன். எழுதினால் அடுத்த பின்னூட்டம் என் சாதியைப் பற்றியதாக இருக்கும். ஆனால் குலக்கல்வியையும் நான் எழுதிய பதிவையும் அருகருகே வைத்துப் பாருங்கள். இரண்டும் தொழிலாளியை அவர் இருக்குமிடத்திலேயே அழகாகக் காண்கின்றன. அவர் அங்கேயே நிறைவாக இருக்கிறார் என்று நம்ப விரும்புகின்றன. அவருடைய அறிவை அறிவென்று ஏற்பதற்கும் அவர் பிள்ளையை அந்தத் திண்ணையிலேயே கட்டிவைப்பதற்கும் எந்தத் தொடர்புமில்லை. உஸ்மானியாவில் நெடுங்காலம் பணியாற்றிய காஞ்ச ஐலய்யா 2007இல் சிறுவர்களுக்காக எழுதிய நூலொன்று இதைத் தெளிவாகவே கையாள்கிறது. பானை வனைதல், தோல் பதப்படுத்துதல், முடி திருத்துதல், துணி வெளுத்தல் ஆகியவற்றில் உள்ள அறிவியலை அது விளக்குகிறது. துர்காபாய் வ்யாம் படம் வரைந்திருக்கிறார். குயவர் மகன் குயவனாக வேண்டும் என்பதற்காக எழுதப்பட்டதன்று அந்நூல். பானையைத் தொட்டதே இல்லாத வீட்டுப் பிள்ளையும் அந்த அறிவைப் படிக்கவேண்டும் என்பதற்காக எழுதப்பட்டது. ஐலய்யாவின் மற்ற முடிவுகளில் பலவற்றோடு எனக்கு உடன்பாடில்லை. இதில் அவர் பக்கம்.

‘நல்லதைச் சொன்னாலும் குறை காண்கிறாயே, பாராட்டுவதும் தவறா?’ என்று நண்பர் ஒருவர் தனிச்செய்தியில் கேட்டார். பாராட்டுங்கள் ஐயா. ஆனால் உணவகத்துப் பெண்மணியின் புன்னகையைப் பாராட்டும் அதே கையால், அவர் ஒப்பந்தத் தொழிலாளியா நிரந்தரப் பணியாளரா என்று விசாரித்து ஒரு வரி எழுதுங்கள். இரண்டாயிரம் பேர் உண்ணும் சமையற்கூடத்தில் அரிசியின் அளவைத் தேர்வு நாளுக்கும் விடுமுறை நாளுக்கும் அவர்கள் எப்படிக் கணிக்கிறார்கள் என்று கேட்டு எழுதுங்கள். கேட்டிருக்கிறீர்களா? நான் கேட்டேன். பேருந்துச் சீட்டு முன்பதிவு, மழை, மறுநாள் எந்தத் துறைக்குத் தேர்வு என எல்லாவற்றையும் வைத்துப் போடும் அந்தக் கணக்கைச் சொல்ல இங்கே இடம் போதாது. ‘உழைப்பின் மேன்மை’ அவர் வாயில் ஒருமுறையும் வரவில்லை.

திருப்பிக் கொடுப்பதற்கும் வழிகள் கண்டறியப்பட்டே இருக்கின்றன. அகமதாபாத்தில் அனில் குப்தா தொடங்கிய தேனீ வலையமைப்பு, மக்களிடம் பெற்றதை அவர்கள் பெயரோடு அவர்கள் மொழியிலேயே திருப்பித் தருவதை நெறியாகக் கொண்டது. அதன் வழியில் மதுரையிலிருந்து ‘நம்வழி வேளாண்மை’ இதழ் வந்தது. ஐதராபாத்தில் ‘பல்லெ ஸ்ருஜனா’ இயங்குகிறது. இவர்கள் பல்கலைக்கழகத் துறைகளல்லர் என்பதைக் கவனிக்கவேண்டும். ஆய்வு நெறிமுறைக் குழுவில் ஒப்புதல் படிவம் நிரப்புகிற நாம், தகவலாளரின் கையொப்பத்தை வாங்கிக்கொள்கிறோம். ஆய்வேட்டின் படியை அவருக்குத் தந்தோமா என்று கேட்கும் கட்டம் அந்தப் படிவத்தில் இல்லை.

என் ஆய்வேட்டில் பின்னிணைப்பு இருக்காது. ஆசு சுற்றும் மூவர், சாயம் போடும் இருவர், தறியில் இருக்கும் நால்வர் என ஒன்பது பேரும், அவர்கள் ஒப்புதலோடு, நூலாசிரியர்களுக்கிடையே அகர வரிசையில் வருவார்கள். நெறியாளர் முதலில் தயங்கினார். புறத்தேர்வாளர் என்ன சொல்வாரோ என்பது அவர் கவலை. இப்போது ஒப்புக்கொண்டிருக்கிறார்.

போன மாதம் மூன்றாம் இயலைத் தெலுங்கில் பெயர்த்து எடுத்துக்கொண்டு அந்த அம்மாவின் வீட்டுக்குப் போனேன். பட்டப்படிப்பு இரண்டாமாண்டு படிக்கும் அவர் மகள் உரக்கப் படித்தாள். அம்மா ரப்பர்ப் பட்டைகளை நறுக்கிக்கொண்டே கேட்டார். ஆறாம் பக்கத்தில் நிறுத்தச் சொன்னார். ஒரு முளைக்கான சுற்றுக் கணக்கை நான் தவறாக எழுதியிருந்தேன். இரு வேறு வடிவங்களின் எண்ணிக்கையை ஒன்றாகக் கலந்துவிட்டிருக்கிறேன். அதே பிழையோடு இரண்டு கருத்தரங்குகளில் கட்டுரை வாசித்து, ஓர் இதழில் அச்சேற்றியும் ஆயிற்று. மதிப்பீட்டாளர்கள் இருவர் அதைப் படித்து ஒப்புதல் அளித்திருந்தார்கள். அம்மா நூலை எடுத்துவந்து சட்டத்தில் சுற்றிக்காட்டி, மகளிடம் தாளின் ஓரத்தில் சரியான எண்ணை எழுதச் சொன்னார். இதழுக்குத் திருத்தம் அனுப்பியிருக்கிறேன். திருத்தியவர் பெயரையும் வெளியிடவேண்டும் என்று கேட்டிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.